ஏட்டுச் சுரைக்காய் போதுமா? கல்லூரிப் பிள்ளைக்கு வேலை அனுபவம் வேண்டும்!

கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு வேலை அனுபவம் தேவையா?

"முதலில் பட்டம் வாங்கட்டும். வேலையைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்கிற பெற்றோர் பலர். "தேவைதான். ஆனால் அதை யார் கொடுக்கிறார்கள்?" என்று கேட்கிற பெற்றோரும் உண்டு.

இரண்டு பேருக்கும் பதில் திருவட்டாற்றிலேயே இருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில், கோதையாறும் பரளியாறும் வளைத்து ஓடும் ஊர் திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் பள்ளி கொண்ட ஊர். 418 ஆண்டுகளுக்குப் பிறகு, 2022-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி அந்தக் கோவிலில் குடமுழுக்கு நடந்தது. கோவிலை விட்டு எந்தப் பக்கம் நடந்தாலும் ரப்பர் மரங்கள்தான். பெருந்தோட்டக்காரர் முதல் அரை ஏக்கர்க்காரர் வரை, அந்த மரத்தை நம்பி வாழ்கிற குடும்பங்கள் ஆயிரம் ஆயிரம்.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் இடம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத்தான். நூற்றுக்கு 91 பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பெருமைப்பட வேண்டிய செய்தி!

ஆனால் ஒரு கேள்வி. வேதியியலில் பட்டம் வாங்கிய ஒரு பிள்ளையிடம், "உன் அப்பா ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றுகிறாரே, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் சட்டென்று பதில் சொல்வார்கள்?

பாடம் புத்தகத்தில் இருக்கிறது. வேலை தோட்டத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை. அந்தப் பாலத்துக்குத்தான் வேலை அனுபவப் பயிற்சி என்று பெயர். மாணவர்கள் 'இன்டர்ன்ஷிப்' என்கிறார்கள்.

டாக்டரைப் பாருங்கள்

இது புதிய சங்கதி அல்ல.

எம்.பி.பி.எஸ். பரீட்சையில் தேறிவிட்டதாலேயே ஒருவரை முழு டாக்டராக விட்டுவிடுவதில்லை. ஓராண்டு காலம் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு பிரிவாகச் சுற்றி வேலை பார்க்க வேண்டும். அவர்களைத்தான் 'ஹவுஸ் சர்ஜன்' என்று நாம் சொல்கிறோம். பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்பார். இவர் கட்டுப் போடுவார், ஊசி போடுவார், பிரசவம் பார்ப்பார். பிறகுதான் தனியாக மருத்துவம் பார்க்க அனுமதி.

ஆடிட்டர் ஆக வேண்டுமா? பரீட்சை மட்டும் போதாது. ஓர் ஆடிட்டரிடம் ஆண்டுக் கணக்கில் இருந்து, கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பழகியாக வேண்டும்.

உயிரைக் காக்கிறவருக்கும் கணக்கைக் காக்கிறவருக்கும் அனுபவம் கட்டாயம் என்கிறோம். பி.எஸ்ஸி., பி.காம்., பி.ஏ. படிக்கிற பிள்ளைக்கு மட்டும் வேண்டாமா? அவர்கள் கையிலும் நாளைக்கு ஒரு பாங்கு, ஒரு தொழிற்சாலை, ஓர் அரசு அலுவலகம் வரப் போகிறதே!

ஒரு மரத்தடியில் எத்தனை பாடம்!

ரப்பர் தோட்டத்தையே எடுத்துக் கொள்வோம்.

விடியும் முன்பே பால் வெட்ட ஆரம்பித்து விடுகிறார்கள். ஏன்? வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரின் அழுத்தம் அதிகம். பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் அழுத்தம் குறையும், பாலும் குறையும். இது தாவரவியல் பாடம்.

வெட்டு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து சாய்வாகப் போகிறது. ஏன்? பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேராக நிற்பதில்லை. சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன. அந்தச் சாய்வுக்குக் குறுக்காக இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். இந்தக் காரணம் புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்து விடும். ஆனால் பட்டைக்கு அடியில் இருக்கும் உயிர்ப் படலத்தைத் தொடாமல், ஒரு மில்லி மீட்டர் மிச்சம் வைத்து வெட்டுவது எப்படி என்று எந்தப் புத்தகமும் கைக்குச் சொல்லித் தராது. "மக்கா, கத்தி ஆழத்துல இறங்கப்படாது. மரம் புண்ணாயிரும்" என்று சொல்லிக் கையைப் பிடித்து நிறுத்த, அனுபவப்பட்ட தொழிலாளி ஒருவர் வேண்டும். புண்பட்ட இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது.

சிரட்டையில் சேர்ந்த பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். பாலில் உள்ள ரப்பர்த் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கின்றன. அவற்றின் மேல் உள்ள மின்னேற்றம் அவற்றை விலக்கி வைக்கிறது. ஃபார்மிக் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றியதும் அந்த விலக்கம் போய்விடுகிறது. துகள்கள் கூடுகின்றன, பால் உறைகிறது. ஆசிட் குறைந்தால் சரியாக உறையாது. கூடினால் ஷீட்டின் தரம் கெடும். இது வேதியியல் பாடம்.

உறைந்ததை உருளையில் கொடுத்து ஷீட் ஆக்குகிறார்கள். கழுவி, புகைக்கூட்டில் காய வைக்கிறார்கள். பிறகு தரம் பிரிக்கிறார்கள். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் விலையில் வித்தியாசம். கோட்டயம் சந்தையில் என்ன விலை, பாங்காக்கில் என்ன விலை என்று வியாபாரி தினமும் பார்க்கிறார். அங்கே விலை இறங்கினால் திருவட்டாற்றில் அடுப்பு எரிவதும் குறைகிறது. இது வணிகவியல் பாடம், பொருளாதாரப் பாடமும்கூட.

ஒரு மரத்தடியில் நான்கு கல்லூரிப் பாடங்கள்! ஆனால் அந்த மரத்தடியில் வளர்ந்த பிள்ளை, இவற்றை எங்கோ ஓர் ஊரில், கரும்பலகையில் பார்த்து, மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, மறந்து விடுகிறான். இது நியாயமா?

வயலில் நடக்கும் வகுப்பு

இப்படிச் செய்யாத ஒரு படிப்பு நம் நாட்டிலேயே இருக்கிறது. அது விவசாயப் படிப்பு.

வேளாண்மைக் கல்லூரி மாணவர்களும் மாணவிகளும் கிராமங்களுக்கு வந்து தங்கியிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். 'ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம்' என்று அதற்குப் பெயர். ஊர் மக்களைக் கூட்டி, தரையில் கலர்ப் பொடியால் அந்த ஊரின் படத்தை வரைவார்கள். குளம் எங்கே, கிணறு எங்கே, எந்த வயலில் என்ன பயிர் என்று ஊர்க்காரர்களே சொல்லச் சொல்ல வரைவார்கள். விவசாயியுடன் வயலில் இறங்குவார்கள். விதை நேர்த்தி செய்து காட்டுவார்கள். இதற்கு மதிப்பெண் உண்டு. இதை முடிக்காமல் பட்டம் இல்லை.

2015-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி, மத்திய அரசு இந்தப் பயிற்சியை 'ஸ்டூடண்ட் ரெடி' என்ற பெரிய திட்டத்தில் சேர்த்து விரிவாக்கியது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? மாணவர் விவசாயிக்குக் கற்றுக் கொடுக்க வருகிறார். ஆனால் திரும்பும்போது விவசாயியிடம் கற்றுக் கொண்டு போகிறார். எந்த மழைக்கு எந்த நோய் வரும் என்று தாத்தா காலத்திலிருந்து கண்டவரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டதை, பிறகு எந்த வகுப்பிலும் மறக்க முடியாது.

மார்த்தாண்டம் காட்டிய வழி

திருவட்டாற்றுக்குப் பக்கத்து ஊரான மார்த்தாண்டம், நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழியில் நடந்திருக்கிறது.

1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் அங்கே கிராம முன்னேற்ற மையம் நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு என்று கிராமத்துக்கு ஏற்ற தொழில்களைச் செய்து காட்டினார்கள். கிராமப் பணி செய்ய விரும்பியவர்கள் வெளியூர்களிலிருந்து வந்து பயிற்சி பெற்றார்கள். தேனீயைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. பெட்டியைத் திறந்து காட்டினார்கள்! மார்த்தாண்டம் தேன் இன்றும் பெயர் பெற்றிருப்பதற்கு அந்தப் பயிற்சியும் ஒரு காரணம்.

அதற்கும் முன்னால், 1906-ம் ஆண்டில், அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் ஓர் ஏற்பாடு செய்தார். என்ஜினீயரிங் மாணவர்கள் சில நாள் வகுப்பில் படிக்க வேண்டும். சில நாள் தொழிற்சாலையில் சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டும். முதலில் சேர்ந்தவர்கள் 27 பேர்தான். இன்று அந்த முறை உலகின் பல நாடுகளில் நடக்கிறது.

காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் ஆதாரக் கல்வியை முன் வைத்தார். கையால் செய்யும் தொழில் மூலமே கல்வி வளர வேண்டும் என்றார். 1964 முதல் 1966 வரை நாட்டின் கல்வியை ஆராய்ந்த கோத்தாரி குழுவும், 'பணி அனுபவம்' கல்வியில் ஓர் அங்கமாக வேண்டும் என்று சொன்னது. பிலானி தொழில்நுட்பக் கல்லூரி 1973-ல் மாணவர்களைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. கோயமுத்தூரில், படிப்புக்கு நடுவே தொழிற்சாலைப் பயிற்சியை வைத்து 'சாண்ட்விச்' படிப்பு நடத்தினார்கள்.

ஆக, பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சிலர் செய்தும் காட்டிவிட்டார்கள். மீதிப் பேர்தான் செய்யவில்லை!

"கத்தி பிடித்தது போதும்!"

ஆனால் ஒரு தாயின் குரல் கேட்கிறது.

"அண்ணாச்சி, நாங்க வெட்டுக்கத்தி பிடிச்சது போதும். பிள்ளையாவது பேனா பிடிக்கட்டும். மறுபடியும் தோட்டத்துக்கே அனுப்பச் சொல்லுதியளே!"

இந்தப் பேச்சைச் சிரித்து ஒதுக்கிவிடக் கூடாது. இருட்டில் எழுந்து, மழையில் நனைந்து, அட்டைக் கடியும் கொசுக் கடியும் பட்டு, பிள்ளையைப் படிக்க வைத்தவர்களின் பேச்சு இது. அதில் வலி இருக்கிறது.

அந்தத் தாய்க்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மா! உங்கள் பிள்ளையைப் பால் வெட்டும் தொழிலாளி ஆக்குவதற்காக அனுப்பச் சொல்லவில்லை. படித்த படிப்பு எதற்குப் பயன்படும் என்று அவன் கண்ணால் பார்ப்பதற்காக அனுப்பச் சொல்கிறோம். ரப்பர் பாலைத் தொட்டுப் பார்த்த வேதியியல் மாணவன், நாளைக்கு ஒரு கையுறைத் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் நிற்கலாம். ஷீட் விலையைப் புரிந்து கொண்ட பி.காம். மாணவி, கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை நடத்தலாம். பார்க்காதவர்கள் என்ன செய்வார்கள்? பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, விண்ணப்பம் போட்டபடியே இருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் வேலையில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதை அவன் அறிந்து கொள்வான். தகப்பன் செய்யும் தொழிலைக் கூச்சத்தோடு சொல்லும் பிள்ளை, பெருமையோடு சொல்லுவான். இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை. ஆனாலும் அது பெரிய படிப்பு!

போலி அனுபவம் வேண்டாம்

ஆனால் ஓர் எச்சரிக்கை.

இன்றைக்கு 'இன்டர்ன்ஷிப்' கட்டாயம் என்று பல கல்லூரிகள் சொல்கின்றன. கட்டாயம் என்றதும் கள்ளமும் வந்துவிட்டது. பணம் கட்டினால் சான்றிதழ் தருகிறோம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். மாணவர் அந்த நிறுவனத்தின் வாசற்படியைக்கூட மிதித்திருக்க மாட்டார். சான்றிதழில் மட்டும் "திறம்படப் பணியாற்றினார்" என்று அச்சடித்திருக்கும்!

வேறு சில இடங்களில் மாணவர் உண்மையாகவே போகிறார். ஆனால் அவருக்குக் கிடைக்கிற வேலை, டீ வாங்கி வருவதும் ஜெராக்ஸ் எடுப்பதும்தான். முப்பது நாள் கழித்து ஒரு கையெழுத்து.

இது அனுபவம் அல்ல, ஏமாற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏட்டில் எழுதிய அனுபவம் மட்டும் உதவுமா?

நல்ல பயிற்சிக்கு ஐந்து அடையாளங்கள் உண்டு. பெற்றோர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளலாம்.

முதலாவது, பிள்ளை என்ன வேலை செய்யப் போகிறது என்பதை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். இரண்டாவது, சொல்லிக் கொடுக்க ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். மூன்றாவது, அன்றன்று செய்ததை மாணவர் டைரியில் எழுத வேண்டும். கல்லூரி ஆசிரியர் நேரில் வந்து பார்க்க வேண்டும். நான்காவது, அதற்கு மதிப்பெண் இருக்க வேண்டும். ஐந்தாவது, கைச் செலவுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

பஸ் கட்டணம் யார் தருவது?

ஐந்தாவது விஷயத்தைச் சற்று விளக்கியாக வேண்டும். பலர் இதைப் பேசுவதே இல்லை.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சென்னைக்குப் போய், அறை எடுத்துத் தங்கி, மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் ஒரு கம்பெனியில் பழகுவான். ஏழை வீட்டுப் பிள்ளையால் முடியுமா? விடுமுறை நாளில் வேலைக்குப் போய்த்தான் அடுத்த பருவத்துக்கு அவன் பீஸ் கட்டுகிறான். "சம்பளம் இல்லை, அனுபவம்தான் சம்பளம்" என்று சொன்னால், அந்த அனுபவம் பணக்காரர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். பிறகு வேலைக்கு ஆள் எடுக்கும்போது, "அனுபவம் உண்டா?" என்று கேட்டு ஏழைப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவார்கள். இது என்ன நீதி?

இதற்குச் சட்டத்தில் முன்மாதிரி இருக்கிறது. 1961-ம் ஆண்டு அப்பரண்டிஸ் சட்டப்படி, தொழில் பழகுகிறவருக்கு உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். 2019-ல் திருத்திய விதி, பட்டதாரி அப்பரண்டிசுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்றது. 2024-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியபோதும், மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தது. படிப்பை முடித்தவருக்கு உதவித்தொகை உண்டு என்றால், படிக்கும்போதே பழகுகிறவருக்கும் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாட்டுச் செலவுமாவது கொடுக்க வேண்டாமா?

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. முன்பின் தெரியாத இடத்துக்கு எப்படி அனுப்புவது என்பார்கள். நியாயமான கவலை. 2013-ம் ஆண்டில் வந்த, வேலை செய்யும் இடத்தில் பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், பயிற்சிக்கு வரும் மாணவியையும் பாதுகாக்கிறது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், புகாரை விசாரிக்க ஒரு குழு இருக்க வேண்டும். "உங்கள் இடத்தில் அந்தக் குழு இருக்கிறதா?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டுவிட்டு அனுப்புங்கள். கேட்காமல் அனுப்ப வேண்டாம். பயந்து கொண்டு அனுப்பாமல் இருக்கவும் வேண்டாம்.

ஊரைச் சுற்றிப் பாருங்கள்

"எல்லாம் சரி. திருவட்டாற்றுப் பக்கம் என்ன இருக்கிறது? சென்னைக்கும் பெங்களூருக்கும்தானே போக வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு.

சுற்றிப் பாருங்கள். 1984-ம் ஆண்டு முதல் நடக்கும் அரசு ரப்பர் கழகத்துக்குக் கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு பக்கங்களில் தோட்டங்கள் உள்ளன. பேச்சிப்பாறையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 1906-ல் முடிந்த அணையும் இருக்கிறது. மாத்தூரில், பள்ளத்தாக்கின் மேலே 115 அடி உயரத்தில் தண்ணீரைக் கொண்டு போகும் தொட்டிப் பாலம் இருக்கிறது. 1966-ல் கட்டியது. என்ஜினீயரிங் மாணவர்கள் அதன் மேல் நின்று படம் எடுத்துக் கொண்டு திரும்புகிறார்கள். அதன் தூண்களைப் பராமரிக்கும் என்ஜினீயருடன் ஒரு மாதம் நடந்தால், எவ்வளவு கற்றுக் கொள்ளலாம்!

முந்திரி ஆலைகள் இருக்கின்றன. பாங்குகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பஞ்சாயத்து அலுவலகங்களும் இருக்கின்றன. கல்வெட்டும் மரச் சிற்பமும் நிறைந்த கோவில் இருக்கிறது. சரித்திரம் படிக்கும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய நூலகம் ஏது? வாழைக்காய் மண்டியில்கூடப் பாடம் உண்டு. கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வைத்து விவசாயிக்கு நல்ல விலை வாங்கித் தருவது எப்படி? வணிகம் படிக்கும் மாணவர்கள் இறங்கி வேலை செய்ய வேண்டிய இடம் இது.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-ந் தேதி தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி அளிப்பதை நோக்கமாகக் கொண்டது. அந்தப் பயிற்சி கம்ப்யூட்டர் திரையோடு நின்றுவிடக் கூடாது. உள்ளூர்த் தோட்டத்துக்கும் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் நடந்து வர வேண்டும். வீட்டிலிருந்தே போய் வரலாம். அறை வாடகை இல்லை. அம்மாவின் சாப்பாடு உண்டு!

இனி செய்ய வேண்டியது

கல்லூரிகள் முதலில் இறங்க வேண்டும். "நீயே இடம் தேடிக் கொள்" என்று மாணவரிடம் சொல்லிவிட்டுச் சான்றிதழை மட்டும் கேட்பது ஆசிரியருக்கு அழகல்ல. சுற்றியுள்ள நிறுவனங்களோடு பேசி இடம் வாங்கிக் கொடுப்பது கல்லூரியின் கடமை.

தொழில் நடத்துகிறவர்களுக்கும் கடமை உண்டு. "படித்த பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று குறை சொல்வது சுலபம். தெரிந்து கொள்ள ஒரு மாதம் கதவைத் திறந்து வைத்தீர்களா? ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளுக்கு இடம் கொடுங்கள். அவர்களில் ஒருவர், நாளைக்கு உங்களுக்கே நல்ல ஊழியராக வரலாம்.

மாணவர்களே! சான்றிதழை விலைக்கு வாங்காதீர்கள். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்து, "அங்கே நீ என்ன செய்தாய்?" என்று ஒரு கேள்வி கேட்டால், வாங்கிய காகிதம் பதில் சொல்லாது. வேலை செய்த கை பதில் சொல்லும்.

பெற்றோர்களே! அடுத்த விடுமுறைக்கு உங்கள் பிள்ளை வீட்டுக்கு வரும்போது, "எத்தனை மார்க்?" என்று கேளுங்கள். கேட்க வேண்டியதுதான். அதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "படித்ததை எங்கே செய்து பார்த்தாய்?"

பதில் இல்லை என்றால், பிள்ளையைத் திட்ட வேண்டாம். நேரே கல்லூரிக்குப் போய் அதே கேள்வியைக் கேளுங்கள்!